ஒரு ரிங்கில் நின்ற அழைப்பு

ஏட்டி,

இந்த அகாலத்தில் எழுத உட்கார்ந்ததற்கு முதலில் என்னை மன்னித்துவிடு. பன்னிரண்டு மணி தாண்டிவிட்டது. மகள் தூங்கிய பிறகுதான் எனக்குக் கை ஒழிகிறது. கண் எரிகிறது, எழுத்தும் கோணலாகத்தான் விழுகிறது. ஆனால் இன்றைக்கு எழுதாவிட்டால் நாளைக்கு எனக்குத் தைரியம் இருக்காது.

கட்டிலைச் சுற்றிப் பழுப்புக் காகிதம் பரந்து கிடக்கிறது. பள்ளி திறந்து நான்கு நாள் ஆகிறது. இரண்டாம் வகுப்புப் புத்தகங்களுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தேன். வெளியே விட்டு விட்டு மழை. காகிதத்தில் பசை தடவியதும் எழுந்த அந்த ஈர வாசனை என்னை நேராக நம் அச்சக மாடி அறைக்குக் கொண்டுபோய் விட்டது. அழைப்புப் பதிவேடுகளுக்கெல்லாம் நீ அட்டை போடுவாயே, விரலில் பசை ஒட்டியபடியே தொலைபேசியை எடுப்பாயே, அந்த வாசனை.

அட்டை போடுவதில் இந்த வருடம் ஒரு புதுச் சட்டம். வகுப்பு ஆசிரியை பிள்ளைகளின் டைரியில் எழுதி அனுப்பியிருந்தார்: "புத்தகத்தின் பின்பக்கம் குழந்தைகள் உதவி எண் அச்சிடப்பட்டுள்ளது. அதை மறைக்க வேண்டாம். அந்த இடத்தில் அட்டையை ஜன்னல் போல வெட்டிவிடவும்." அம்மாக்களின் வாட்ஸாப் குழுவில் ஒரே புலம்பல். "ஏழு புத்தகத்துக்கு யாரு ஜன்னல் வெட்டிக்கிட்டு இருப்பா?" என்று ஒருத்தி. "கதவும் வச்சுக் குடுக்கணுமா டீச்சர்?" என்று இன்னொருத்தி. எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காலங்காலமாக அட்டை போடும் வீடுகளில் இப்படி ஒரு யோசனை யாருக்கும் தோன்றவில்லையே, இந்தப் பெண்ணுக்கு மட்டும் எப்படித் தோன்றியது?

என்னைத்தான் உனக்குத் தெரியுமே. மனதில் ஒன்று விழுந்தால் அதைக் கேட்டு முடிக்காமல் தூங்க மாட்டேன். பள்ளி வேன் ஐந்து நிமிடம் பிந்தினால் ஓட்டுநருக்கு இரண்டு முறை போன் போடுகிறவள் நான். நேற்று மாலை குடையோடு பள்ளி வாசலில் போய் நின்றேன். ஆசிரியை வெளியே வந்தார். ஒல்லியான பெண், இருபத்து நான்கு வயதுக்கு மேல் இராது. நான் இன்னாரின் அம்மா என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அன்னைக்கு வீட்டுக்கு வந்த அக்காதானே நீங்க?"

எனக்குப் புரியவில்லை. அவள் குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வலது கையை விரித்துக் காட்டினாள். பெருவிரல் நுனியிலும் ஆள்காட்டி விரல் நுனியிலும், பழைய மை போல, ஒரு மங்கல் கறுப்பு.

ஏட்டி, அது நம் நாலரை. பேர் இங்கே எழுதவில்லை. அந்த வேலையில் பழகிய கட்டுப்பாடு இன்னும் என் கையை விடவில்லை. பதிவேட்டில் நீ வைத்த பேர்தான் நம் இரண்டு பேருக்கும் போதும்.

நீ அந்த நாட்களை மறந்திருப்பாயோ, மறக்கவேண்டும் என்றே மறந்திருப்பாயோ, எனக்குத் தெரியாது. நான் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

படித்து முடித்த கையோடு நாம் இருவரும் அந்த அறையில் சேர்ந்தோம். நாகர்கோவிலில், கீழே அச்சகம், மேலே நாம். இயந்திரம் ஓடினால் மேஜை நடுங்கும். மேஜையில் இரண்டு தொலைபேசிகள். ஒன்று பிள்ளைகள் நம்மைக் கூப்பிட, மற்றது நாம் வெளியே பேச. இந்த உதவி எண் பெரிய நகரங்களில் ரயில் நிலையத்திலும் நடைபாதையிலும் கிடக்கும் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது என்றும், அந்தப் பிள்ளைகளே கூட்டாளிகளுக்குச் சொல்லிச் சொல்லித்தான் அது பரவியது என்றும், பயிற்சியில் நமக்குச் சொன்னார்கள். அதைக் கேட்டுவிட்டு ஊருக்கு வந்தால் இங்கே எல்லாரும் கேட்ட கேள்வி ஒன்றுதான். "நம்ம ஜில்லாவுல எல்லா பிள்ளையும் பள்ளிக்கூடம் போவுது. வீட்டுக்கு வீடு வாத்தியாரு. இங்க யாரு மக்கா ஒங்களக் கூப்பிடப் போறா?"

கூப்பிட்டார்கள். முதல் ஆறு மாதம் யார் யார் கூப்பிட்டார்கள் என்று நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. "அக்கா, ஸ்கோர் எத்தன?" என்று ஒருவன். "ஏழாம் வாய்ப்பாடு சொல்லித் தாருங்க" என்று ஒருத்தி. புதுக்கடையிலிருந்து ஒரு குட்டி, "எங்க அம்ம எனக்கு மட்டும் சின்ன மீனு வச்சா" என்று புகார் சொன்னாள். நான் எரிச்சலில் வைத்துவிடப் போனேன், நீ பிடுங்கிக்கொண்டாய்.

"என்ன மீனு மக்கா?"

"சாளை."

"எத்தன பேருக்கு வச்சா?"

பத்து நிமிடம் மீன் பேச்சு. வைத்துவிட்டு என்னிடம் திரும்பி, "இன்னைக்குச் சாளைக்கு அழுதவா நாளைக்கு வேற எதுக்காவது அழுவா. அன்னைக்கு நம்ம நம்பரு அவளுக்கு மனப்பாடமா இருக்கணும்லா?" என்றாய்.

பேசாமல் மூச்சு மட்டும் விடும் அழைப்புகள் இன்னொரு வகை. அதற்கும் நீ பேசுவாய். "நான் இங்கதான் இருக்கேன். இப்ப பேசத் தோணலன்னா வேண்டாம். நாளைக்குப் பேசு." நான் பதிவேட்டில் "மௌனம்" என்று எழுதுவேன். நீ அதன் பக்கத்தில் "மறுபடி வரும்" என்று எழுதுவாய். பல தடவை வந்தது.

நாலரை மட்டும் எதிலும் சேரவில்லை. தினமும் மாலை நாலரை மணிக்கு ஒரு ரிங் அடிக்கும். கை நீட்டுவதற்குள் நின்றுவிடும். ஒரே எண். எண்ணின் தொடக்கத்தை வைத்து அது மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் ஏதோ ஒரு வீட்டுத் தொலைபேசி என்பது மட்டும் தெரிந்தது. பத்து நாள் நான் "விளையாட்டு அழைப்பு" என்று எழுதினேன். பதினோராம் நாள் நீ பேனாவைப் பிடுங்கினாய்.

"ஏட்டி, விளையாடுதவன் நாலு தடவ அடிப்பான், கெட்ட வார்த்த சொல்லுவான், சிரிப்பான். இது ஒரு ரிங்குல வைக்குது. இது மிஸ்டு கால்."

"இலவச எண்ணுக்கு யாராவது மிஸ்டு கால் குடுப்பாளா? ஒனக்குக் கிறுக்கா?"

"எங்க வீட்டுல குடுப்போம்."

அப்போதுதான் உன் அப்பாவைப் பற்றிச் சொன்னாய். மஸ்கட்டில் இருந்தவர். பேசினால் செலவு, அதனால் பேசுவது வெள்ளிக்கிழமை மட்டும். மற்ற நாட்களில் ரிங்தான் பேச்சு. ஒரு ரிங் என்றால் சுகமாக இருக்கிறேன். இரண்டு என்றால் நாளை கூப்பிடுகிறேன். மூன்று என்றால் எடு, அவசரம். சுசீந்திரத்தில் உங்கள் வீட்டில் இரவு போன் ஒரு தரம் அடித்து நின்றால், "அப்பா சாப்பிட்டாச்சு" என்று சொல்லிவிட்டுத்தான் உன் அம்மா உங்களுக்குச் சோறு போடுவாராம். நீ சொல்லி நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

"இது கல்ஃப் வீட்டுப் பிள்ளட்டி. போன எடுத்தா காசு விழும், எடுக்குததுக்குள்ள வச்சா விழாதுன்னு படிச்சு வளந்த பிள்ள. நம்மளத் திருப்பிக் கூப்பிடச் சொல்லுது."

கூப்பிடக் கூடாது என்பது நம் விதி. அந்த விதிக்குக் காரணமும் உண்டு. நாம் திருப்பிக் கூப்பிட்டு வீட்டில் வேறு யாராவது எடுத்துவிட்டால், "யாருக்குலே போன் பண்ணின?" என்று பிள்ளைக்கு அடி விழும். நம் பொறுப்பாளர் சார் பயிற்சியில் இதை நூறு தடவை சொல்லியிருந்தார். நான் விதியைப் பிடித்துக்கொண்டேன். "என்ன ஆனாலும் நான் பொறுப்பில்ல" என்றேன். அந்தச் சொல்லை நீ மறந்திருந்தாலும் நான் மறக்கவில்லை.

மறுநாள் நாலரைக்கு அது ஒரு ரிங் அடித்து நின்றது. நீ மற்றத் தொலைபேசியை எடுத்தாய், அந்த எண்ணைப் போட்டாய், ஒரு ரிங் போனதும் வைத்துவிட்டாய்.

"என்னட்டி செய்த நீ?"

"நான் பேசல்ல. சுகமா இருக்கேன்னு மட்டும் சொன்னேன்."

கல்ஃப் வீட்டில் ஒரு ரிங் அடித்து நின்றால் யாரும் தலை தூக்க மாட்டார்கள் என்று நீ கணக்குப் போட்டிருந்தாய். அரை நிமிடம்கூட ஆகவில்லை. நம் தொலைபேசி மறுபடி அடித்தது. ஒரு ரிங். நின்றது. நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய், நகம் பதிந்தது. நீ திருப்பி ஒன்று அடித்தாய். அங்கிருந்து ஒன்று. கீழே இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது, மேஜை நடுங்கிக்கொண்டிருந்தது, இரண்டு படித்த பெண்கள் முகம் தெரியாத ஒரு பிள்ளையோடு பேச்சில்லாமல் பேசிக்கொண்டிருந்தோம்.

நான்காம் நாள் ஒரு ரிங்கில் நிற்கவில்லை. இரண்டு. மூன்று. மூன்றாவதில் நீ எடுத்தாய்.

அப்புறம் ஒரு குரல், தொண்டைக்குள்ளேயே. "பைசா ஆவுமா?"

"ஆவாது மக்கா. ஒரு பைசா ஆவாது."

"சும்மா கிட்டுத போனு ஒலகத்துலயே கிடையாதுன்னு மாமி சொல்லுவா."

"மாமிக்குத் தெரியாது. இது ஒனக்குன்னு உள்ள போனு. நீ விடிய விடியப் பேசினாலும் பைசா ஆவாது."

"அப்போ வைக்காண்டாமா?"

"வைக்காண்டாம்."

அவளுக்குப் பதினொரு வயது. அப்பா இல்லை. அம்மா குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். பிள்ளையை மாமா வீட்டில் விட்டு, படிப்புக்கு மாதாமாதம் பணமும் அனுப்பினாள். மாமி ஆறு மாதமாக அவளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. முந்திரிப் பருப்பு உடைக்கும் அண்டி ஆபீஸிலிருந்து வறுத்த கொல்லாங்கொட்டையை வீட்டுக்கு எடுத்து வந்து, பிள்ளையை உட்கார்த்தி உடைக்க வைத்தாள். அந்தத் தோட்டின் எண்ணெய் பட்டால் தோல் வெந்து உரியும் என்று நம் பக்கத்தில் யாருக்குத் தெரியாது? சாம்பலைப் பூசிக்கொண்டு உடைத்தாளாம். வெள்ளிக்கிழமை அம்மா பேசும்போது மாமி பக்கத்திலேயே நிற்பாள். "நல்லா படிக்கேன்மா" என்று சொல்லவேண்டும். உடைத்த பருப்பைக் கொடுக்க மாமி போவது தினமும் நாலரை மணிக்கு. மாமா முன்னறையில் படுத்துக் கிடப்பார். நீ அடித்த ரிங் கேட்டு, "ஒங்கம்மைதான்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தாராம்.

நம் எண் அவளுக்கு எப்படிக் கிடைத்தது என்று கேட்டாய். முந்தைய வருடம் நாம் அவள் பள்ளிக்குப் போயிருந்தோம். நீ ராகம் போட்டு எண்ணைச் சொல்லிக்கொடுத்தாய். நான் பின்னால் நின்று தாள்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை பெண் காவலர், தொழிலாளர் துறை அதிகாரி, நான் மூவரும் போனோம். நீ வரவில்லை. "நான் வந்துட்டா, அவ அதுக்குள்ள கூப்பிட்டா யாரு எடுப்பா?" என்றாய். அதனால் அவள் உன்னைப் பார்க்கவே இல்லை. நான் போனபோது அவள் கறுத்த கைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, "பேசினது நீங்களா?" என்றாள். இல்லை என்றதும் முகம் வாடிப்போயிற்று. அதே தெருவில் இன்னும் மூன்று வீடுகளில் பிள்ளைகள் உடைத்துக்கொண்டிருந்தார்கள். அவளை மட்டும் அம்மா வரும்வரை குழந்தைகள் காப்பகத்தில் சேர்த்தார்கள். அந்த நான்கு பேரும் பள்ளிக்குத் திரும்பினார்கள் என்பது உனக்குத் தெரியும்.

அடுத்த இரண்டு வாரம்தான் உன்னை உடைத்தது. தகவல் கிடைத்து அவள் அம்மா வேலையை விட்டுவிட்டு ஓடி வந்தாள். மாடிப்படியில் ஏறும்போதே கத்தல். "எம் பிள்ளைய ஹோம்ல கொண்டு போட்டியளே! எம் பொழப்பக் கெடுத்தாச்சு, கூடப்பொறந்தவன்கிட்ட உள்ள உறவையும் கெடுத்தாச்சு. ஒனக்குப் பிள்ள உண்டுமாட்டி? பெத்திருந்தா தெரியும்!" நீ எழுந்து நின்று கேட்டுக்கொண்டே இருந்தாய்.

அவள் புகார் எழுதிக் கொடுத்தாள். கூட்டம் கூட்டினார்கள். வெளியே போன அழைப்புகளின் பட்டியலை சார் மேஜையில் வைத்து, "இந்த எண்ணுக்கு இங்கிருந்து யார் அடித்தது? இதைச் சேர்ந்து முடிவு செய்தீர்களா?" என்று கேட்டார். கேட்டபோது அவர் என்னைப் பார்த்தார். நான் பட்டியலைப் பார்த்தேன். நீ, "நான் மட்டும்தான் சார்" என்றாய்.

அது பொய் ஏட்டி. முதல் நாள் நீ அடித்தாய். மூன்றாம் நாள் நீ கழிப்பறைக்குப் போயிருந்தாய், நாலரைக்கு ரிங் வந்தது, நான்தான் திருப்பி அடித்தேன். நீ திரும்பி வந்து, "அடிச்சியா?" என்று கேட்டாய். "அடிச்சேன்" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். கூட்டத்தில் அந்த ஒரு வாக்கியத்தை என்னால் சொல்ல முடியவில்லை.

உனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. மூன்று மாதத்தில் நீ வேலையை விட்டாய், கல்யாணம், அப்புறம் கடல் தாண்டிப் போய்விட்டாய். போவதற்கு முன் வடசேரி பேருந்து நிலையத்தில் என்னிடம், "நான் அடிச்சது தப்போட்டி?" என்று கேட்டாய். பேருந்து கிளம்பிவிட்டது.

நீ போன பிறகு நடந்ததை நீ அறியவேண்டும். இரண்டு வருடம் நான் அங்கே இருந்தேன். உன் ரிங்கைப் பற்றிப் பெரிய அலுவலகத்திலிருந்து ஆள் வந்து விசாரித்தார்கள். நான் பயந்துகொண்டு போனேன். அவர்கள் கேட்டதோ, "ஒரு ரிங்கில் நிற்பது பிள்ளையின் அழைப்புதான் என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?" என்று. அதற்குப் பிறகு நம் மாவட்டத்துப் பள்ளிகளில் எல்லாப் பேச்சும், "பைசா ஆவாது, வைக்காண்டாம்" என்றுதான் தொடங்கியது. சுவரில்கூட அப்படியே, நம் பேச்சிலேயே எழுதினார்கள். ஒரு ரிங்கில் நிற்கும் எண்களுக்குப் பதிவேட்டில் தனிப் பக்கம் வந்தது. நாங்கள் "மறுபடி வரும்" என்று அந்தப் பக்கத்துக்குத் தலைப்பு எழுதினோம்.

இப்போது எல்லாம் மாறிவிட்டது. மாடி அறை இல்லை. அரசுக் கட்டுப்பாட்டு அறை, கணினி, வேறு பெண்கள், வேறு பையன்கள். ஆனால் ஊர் மாறியிருப்பதுதான் எனக்கு ஆச்சரியம். பதினாறு வயதில் கல்யாணம் என்றால் மண்டபக்காரரே பிறப்புச் சான்றிதழ் கேட்கிறார். பேருந்தில் தனியாக ஒரு பிள்ளை இரண்டு தடவை அதே ஊருக்குப் போய் வந்தால் நடத்துநர் போன் போடுகிறார். வட்டக்கோட்டைக்குச் சுற்றுலா போனபோது அங்கே வழிதவறி அழுத ஒரு பையனைச் சுற்றி ஐந்து பேர் நின்றார்கள். ஐந்து பேருக்கும் எண் தெரிந்திருந்தது. என் மகள் இருக்கிறாளே, ஏழு வயது, நேற்று நான் பால் குடிக்கச் சொல்லி அதட்டியதும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "அடிச்சா நான் நம்பருக்குப் போன் போட்டுருவேன், பாத்துக்க" என்கிறாள்! என் மாமியார் வாய் பிளந்து, "இந்தச் சவத்துக்கு இத யாரு சொல்லிக் குடுத்தா?" என்றார். நான்தான் என்றேன். எண்ணைச் சொல்லிக்கொடுத்தது நான். அந்த ராகம் உன்னுடையது.

பள்ளி வாசலுக்கு வருகிறேன். ஜன்னலைப் பற்றிக் கேட்கப் போனவள் அதைக் கேட்கவில்லை. கடைசியில், "ஒங்கம்மா சுகமா?" என்று மட்டும் கேட்டேன்.

"சுகம். அம்ம பிறகு கல்ஃபுக்குப் போகவே இல்லக்கா. இங்கேயே அண்டி ஆபீஸ்ல சேந்தா. பன்னெண்டு வருஷம். 'என் கை கறுத்தாலும் ஒன் கை கறுக்கப்பிடாது'ன்னு சொல்லிச் சொல்லி என்னப் படிக்க வச்சா. நான் பி.எட். முடிச்ச அன்னைக்கு ரிசல்ட் பேப்பர அந்தக் கையில வாங்கி வச்சுக்கிட்டு ஒரே அழுகை."

"அன்னைக்கு எங்களக் கண்டபடி ஏசினா."

"தெரியும். ஹோம்ல வந்து என்னப் பாத்ததும் என் கையப் பிடிச்சா. புண்ணு இருந்துச்சுலா. அம்ம அதப் பாத்துக்கிட்டே இருந்தா. அப்புறம் வெளிய போயி படியில இருந்து நெஞ்சுல அடிச்சுக்கிட்டா. 'ஆறு மாசம் ஒரு நாளு விடாம ரிங் அடிச்சேன், சுகமா இருக்கேன்னு நான் மட்டும்தான் சொன்னேன், நீ சுகமா இருக்கியான்னு கேக்கத் தெரியலயே'ன்னு. மறுநாளே ஒங்க ஆபீசுக்கு வந்துருக்கா, மன்னிப்புக் கேக்க. அந்த அக்கா லீவுன்னு சொல்லிட்டாவ. பிறகு ரெண்டு தடவ வந்தா. அந்த அக்கா வேலைய விட்டாச்சுன்னு சொன்னாவ."

ஏட்டி, இதை நீ மெதுவாக இன்னொரு தடவை படி. அவள் வந்திருக்கிறாள். மூன்று தடவை. புகாரைத் திரும்பப் பெறுகிறேன் என்று ஒரு தாளும் எழுதிக் கொடுத்திருக்கிறாள். அந்தத் தாள் எந்தக் கோப்பில் தூங்கியதோ, உன்னிடம் யாரும் சொல்லவில்லை. அவள் வந்த நாட்களில் நான் வெளி வேலையில் இருந்திருக்கவேண்டும், எனக்கும் தெரியாது. நீ தப்புச் செய்தாய் என்று நினைத்துக்கொண்டு கடல் தாண்டிப் போனாய். இங்கே ஒரு தாய் உனக்காகப் படியேறி இறங்கிக்கொண்டிருந்திருக்கிறாள்.

அவள் இன்னொன்றும் சொன்னாள். "ஒங்க முகம் எனக்குத் தெரியும்க்கா. அந்த அக்கா குரல் மட்டும்தான் தெரியும். இப்பவும் காதுல கேக்கும். பிள்ளைய ஏதாவது சொல்ல வந்தா நான் கையில உள்ள சாக்பீஸ கீழ வச்சிருவேன். அந்த அக்கா என்ட்ட பேசினப்போ பின்னால மிஷின் சத்தம் கேட்டுது, ஆனா அவிய வேற யார்ட்டயும் பேசல்ல. நான் பேசி முடிக்கிறது வரைக்கும் எனக்கு மட்டும்தான் இருந்தாவ."

முப்பத்தெட்டுப் பிள்ளைகள் அவள் வகுப்பில். என் மகள் அதில் ஒருத்தி. ஒவ்வொரு நாள் காலையும் வேனில் ஏற்றிவிட்டு, யாரிடம் விட்டோம், யார் பார்த்துக்கொள்வார்கள் என்று வேன் மறையும்வரை வாசலில் நின்றவள் நான். யாரிடம் விட்டிருக்கிறேன் என்று இப்போது எனக்குத் தெரியும். இன்று காலை வேன் கிளம்பியதும் நான் முதல் தடவையாக அது திருப்பத்தில் மறைவதற்குள் உள்ளே வந்துவிட்டேன். நீ ஜெயித்தாய் ஏட்டி. நீ ஜெயித்தது உனக்கே தெரியாமல் பதிமூன்று வருடம் போயிருக்கிறது.

உன்னிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்று உண்டு. "பிள்ள பேச வரும்போது நம்ம கையில வேற வேல இருக்கப்பிடாது" என்பாய். எவ்வளவு கவலை இருந்தாலும், அடுப்பில் என்ன கொதித்தாலும், மகள் "அம்மா" என்று வந்தால் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். பாதிக் கதை சாளை மீன் கதைதான். முழுக்கவும் கேட்கிறேன். குழம்பு பல நாள் பிந்தியிருக்கிறது. இந்த வீட்டில் இப்போது அதற்கு யாரும் கோபப்படுவதில்லை.

இன்று மதியம் சுசீந்திரத்துக்குப் பேருந்து ஏறி உன் அம்மாவைப் பார்க்கப் போனேன். வாசலிலேயே அவர், "அவளுக்கு அந்த ஆபீஸ் பேச்சே வேண்டாம் மக்களே. நம்பரு தந்தா என்ன ஏசுவா. நீ எழுதிக் குடு. அவ தம்பி அடுத்த வாரம் அங்க போறான், அவன்ட்ட குடுத்து விடுதேன்" என்றார். கஞ்சியும் துவையலும் தந்தார். சாப்பிட்டுவிட்டு வந்தேன். கடிதத்தில் எதை முதலில் எழுதுவது என்று வழியெல்லாம் யோசித்தேன். எழுதவேண்டியதைக் கடைசியில் வைத்துவிட்டேன், பார்த்தாயா.

கூட்டத்தில் நான் வாயைத் திறந்திருக்கவேண்டும். நானும் அடித்தேன் என்று சொல்லியிருக்கவேண்டும். சொல்லியிருந்தால் நமக்கு இரண்டு எச்சரிக்கைக் கடிதம் வந்திருக்கும், அவ்வளவுதான், நீ தனியாக அந்தப் பழியைத் தூக்கிக்கொண்டு போயிருக்க மாட்டாய். நான் நாளை காலை பழைய சாரைப் போய்ப் பார்க்கிறேன். ஓய்வு பெற்று வீட்டில்தான் இருக்கிறார். அதை அவரிடம் சொல்லப்போகிறேன். உன் மன்னிப்புக்காக இல்லை. எனக்கே அது வேண்டியிருக்கிறது.

நாலரையும் அவள் அம்மாவும் உன்னோடு பேசவேண்டும் என்கிறார்கள். உன் எண் என்னிடம் இல்லை, கிடைத்தாலும் உன்னைக் கேட்காமல் நான் யாருக்கும் கொடுக்க மாட்டேன். கொடுக்கலாமா, வேண்டாமா என்று மட்டும் எழுது. என்மேல் கோபம் இருந்தால் அதையும் எழுது. ஒரு வரியானாலும் போதும், சீக்கிரம் பதில் போடு.